அயர்லாந்துக்குப் போன தொட்டில்

சென்ற மாதம் சிங்கப்பூரில் நம் வகுப்பு ஒன்றுகூடலில் நான் மூன்றாவது முறையாகச் சாத்தே இறைச்சிக்குச்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, பூன் லேயிலிருந்து வந்த தோழி என் தோளைத் தட்டி நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்: "இவளைத் தெரியும்ல? இவ கொண்டுவந்த பொருளைத்தான் சிஸ்டர் அயர்லாந்து மியூசியத்துக்கு எடுத்துட்டுப் போனாங்க. நம்ம வகுப்புலயே இவ ஒருத்திதான் லா!"

நாலு பேரும் திரும்பினார்கள். நான் குச்சியைத் தட்டில் வைத்துவிட்டு அடக்கமாகத் தலை குனிந்தேன். அந்த அடக்கத்தை நாற்பது வருடமாகப் பழகி வைத்திருக்கிறேன். யாருக்கும் சந்தேகம் வராது.

செங்காங் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில்தான் யோசித்தேன். நம்மில் சிலருக்கு முட்டி போய்விட்டது, சிலருக்குக் கணவர் போய்விட்டார். இனி என் மானம் ஒன்று மட்டும் முழுசாக இருந்து என்ன ஆகப்போகிறது? வெட்கத்தில் சாகும் வயதை நான் தாண்டியாயிற்று. சர்க்கரையில்தான் போவேன் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே தோழிகளே, உள்ளதை எழுதிவிடுகிறேன்.

கிளார்க் வீட்டுப் பெண்ணை உங்களுக்கு நினைவிருக்கும். எப்போதும் முதல் வரிசை, எப்போதும் முதல் மார்க். ஒன்றுகூடலுக்கு அவள் வரவில்லை, மெல்பர்னில் இருக்கிறாள். அவள் வருகிறாள் என்று தெரிந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

நாங்கள் இருவரும் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரே சந்தில் இருந்தோம். அவள் வீடு மாடியில், பச்சை வண்ண ஜன்னல் கதவுகளோடு. எங்கள் வீடு எதிரே, அப்பாவின் மாவு மில்லுக்குப் பின்னால். திங்கள், வியாழன் மிளகாய் அரைப்பார்கள். செவ்வாய் மல்லி, புதன் மஞ்சள். என் பள்ளிப் பினஃபோரை மோந்து பார்த்தே இன்று என்ன கிழமை என்று வகுப்பில் சொல்லிவிடலாம். மிளகாய் நாளில் என்னைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தும்முவார்கள். சிஸ்டர் ஒவ்வொரு தும்மலுக்கும் "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்பார். அந்த வகுப்பு பெற்ற ஆசீர்வாதங்களில் பெரும்பகுதி எங்கள் மில்லில் அரைத்தது.

அவள்மீது எந்த வாசனையும் கிடையாது. அதுவே என் முதல் பொறாமை. அவள் அப்பா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையில் நடக்கும்போது காகிதம் மடிக்கிற சத்தம் வரும். அவளுடைய பென்சில் பெட்டிக்கு இரண்டு மாடி. நான்கு அண்ணன்களுக்குப் பின் கடைசியாகப் பிறந்த எனக்கு வந்து சேர்ந்த பென்சில்கள் எல்லாம் இரண்டு பக்கமும் கடிபட்டவை. அவள் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பாள். என்னை 'நீர்' என்பாள். எங்கள் சந்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்னை 'அடியே' என்று கூப்பிடும்போதெல்லாம் எதிர்மாடியில் ஒருத்தி என்னை 'நீர்' என்று மதிக்கிறாளே என்று ஆத்திரமாக வரும்.

இனி சிஸ்டர். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஏதோ ஒரு சிற்றூரில் பிறந்த கன்னியாஸ்திரி. வெயிலில் பத்து நிமிடம் நின்றால் வெந்த இறால் நிறத்துக்கு வந்துவிடுவார். நமக்குப் புவியியல் எடுத்தார். அவருடைய புவியியலில் உலகம் இரண்டு பிரிவு: அயர்லாந்து, மற்றவை. சனிக்கிழமைகளில் ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு, சிங்கப்பூருக்குள் இருக்கும் அயர்லாந்தைப் பார்க்கக் கிளம்புவார். யார் அந்த ஆறு பேர் என்பது வெள்ளிக்கிழமை கரும்பலகையில் எழுதப்படும். மற்ற ஐந்து பெயர்கள் மாறும். கிளார்க் வீட்டுப் பெண்ணின் பெயர் மாறாது. சிஸ்டரின் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பொறுப்பு அவளுடையது.

அந்தக் குடைக்காக நான் உருகியதை என்னவென்று சொல்வது! இந்தத் தேசத்தில் பிற்பாடு எத்தனையோ பதவிகள் வந்தன, எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

என் பெயர் ஒரே ஒரு சனிக்கிழமை வந்தது. முதலில் கோட்டை மலையேறி, பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே செங்கல் சுவரில் கல்வெட்டுகளைப் பதித்திருந்தார்கள். அயர்லாந்தில் பிறந்து, இந்த ஊருக்கு வந்து பாதிக் கட்டடங்களைக் கட்டி, காய்ச்சலில் இங்கேயே செத்துப்போன ஒரு கட்டடக்கலைஞரின் கதையை, சொந்தச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல் சிஸ்டர் சொன்னார். பிறகு மலையிறங்கி, ஆர்மீனியர்களுக்காக அதே மனிதர் கட்டிய வெள்ளைத் தூண் தேவாலயம். உள்ளே குளிர்ச்சியாக, பழைய மெழுகு மணத்தோடு இருந்தது. கடைசியாக அருங்காட்சியகம். கூரையிலிருந்து ஒரு முழுத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கியது.

"இதுவும் அயர்லாந்தா, சிஸ்டர்?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. குடையோடு நின்றவள் சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கரும்பலகையில் என் பெயர் இல்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் இல்லை. திமிங்கிலத்தால் வாழ்க்கை கெட்டவர்கள் உலக வரலாற்றில் அதிகம் பேர் இருக்க முடியாது.

அந்த வருடக் கடைசியில் சிஸ்டர் விடுமுறைக்கு ஊர் போவதாக இருந்தார். போவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சுவரில் வெள்ளைத்துணி கட்டி ஸ்லைடு காட்டினார். ஆட்டு மந்தை. மழை. கல்லால் கட்டிய உயர வட்டக் கோபுரம். மறுபடி மழை. பிறகு ஒரு கிணறு, அதன் பக்கத்தில் முள் மரம், மரம் முழுக்கக் கந்தல்.

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். அது எங்கள் ஊர்ப் புனிதக் கிணறு என்றார். கையில் மூன்று கூழாங்கல் எடுத்துக்கொண்டு, சூரியன் போகும் பக்கமாகக் கிணற்றை மூன்று முறை சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு கல்லைக் கீழே போட வேண்டும். பிறகு உடுத்திய துணியில் ஒரு துண்டைக் கிழித்து, மனக்குறையைச் சொல்லி மரத்தில் கட்ட வேண்டும். துணி மக்க மக்கக் குறை தீரும். ஒருவர் கட்டிய துணியை மட்டும் இன்னொருவர் தொடக்கூடாது. அவிழ்த்தால் அந்தக் குறை அவிழ்த்தவரைப் பிடித்துக்கொள்ளும்.

நம் வகுப்பில் தமிழ்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர். அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சந்து முடியும் இடத்தில், கால்வாய்க்கரை அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் உண்டு. அந்த மரத்தில் பிள்ளை வேண்டிக் கட்டிய தொட்டில்கள் தொங்கும். பழைய சேலைத் துண்டில் ஒரு கூழாங்கல்லை வைத்துக் குட்டித் தூளியாகக் கட்டியிருப்பார்கள். இதைச் சொல்ல நான் கை தூக்குவதற்குள் கிளார்க் வீட்டுப் பெண் எழுந்து சுத்தமான ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டாள். சிஸ்டரின் முகம் மலர்ந்த மலர்ச்சியை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசி ஸ்லைடு அவர் ஊர் மியூசியம். தபால் நிலையத்தை ஒட்டி ஒரே அறை. அதில் 'தொலைதூர நாடுகள்' என்று ஓர் அலமாரித் தட்டு. அதில் வைக்க சிங்கப்பூரிலிருந்து ஒரு பொருள் எடுத்துப் போக வேண்டும் என்றார். உங்கள் வீட்டருகே இருக்கும் புனிதமான இடத்திலிருந்து ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன், கொண்டுவந்தவள் பெயரை அட்டையில் எழுதி வைப்பார்கள் என்றார்.

என் பெயர். அயர்லாந்தில். அட்டையில். அந்தக் கணத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொருள்கள் வரத் தொடங்கின. சீனத் தோழி குறி கேட்கும் சிவப்பு மரக்கட்டைகள் இரண்டு கொண்டுவந்தாள். யுரேஷியத் தோழி குருத்தோலைச் சிலுவை. கிளார்க் வீட்டுப் பெண் நல்லூர்க் கோயிலிலிருந்து வந்த விபூதியைச் சந்தனப் பெட்டியில் வைத்து, அதற்கு விளக்கம் எழுதிய அட்டையோடு வந்தாள். அட்டை டைப் அடித்தது. அவள் அப்பா அலுவலக மெஷினில் அடித்துக் கொடுத்திருந்தார். நான் கொண்டுபோனது, பழைய தமிழ்ப் பத்திரிகையில் பொட்டலம் கட்டிய குங்குமம். அது மிளகாய்த்தூள் நாளாகப் போய்விட்டது. சிஸ்டர் பிரித்ததும் முன்வரிசை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது.

"குங்குமம் சிஸ்டர், மிளகாய் இல்லை" என்றேன். யாரும் நம்பவில்லை. கடைசி நாள் நாளை என்றார் சிஸ்டர்.

அன்று மத்தியானம் அரசமரத்தடிக்குப் போனேன். வெயிலில் கால்வாய் நாறியது. பிள்ளையாரைத் தவிர யாரும் இல்லை, அவரும் வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். தொட்டில்களில் பல மழையில் சாயம் போனவை. இலை மறைவில் இருந்த ஒன்று மட்டும் இன்னும் அழகு. வானநீல வாயில் சேலைத் துணி, அதில் கடுகுபோல் வெள்ளைப் புள்ளிகள். துணியை அவிழ்க்கக்கூடாது என்று சிஸ்டர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அது அயர்லாந்து மரத்துக்கான விதி அல்லவா? அப்படியே அந்தக் குறை என்னைப் பிடித்தால்தான் என்ன? பிள்ளை இல்லாத குறை. எனக்கு வயது பத்து.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். வாயில் கற்பூரமும் தூசியும் கலந்த ருசி. கூழாங்கல் உள்ளே அப்படியே இருந்தது.

மறுநாள் சிஸ்டர் அதை உள்ளங்கையில் ஏந்திப் புரட்டிப் பார்த்தார். "யார் கொடுத்தது?" என்றார்.

"எங்க அம்மா."

"மரத்தில் கட்டியதா?"

"இல்லை சிஸ்டர். கட்டுவதற்கு வைத்திருந்தார். மியூசியத்துக்கு என்றதும் கொடுத்துவிட்டார்."

ஒரு பொய்யை நன்றாகச் சொல்லிவிட்டால் அதற்கே ஒரு சூடு வந்துவிடுகிறது. அந்த நொடியில் என் அம்மா தன் ஏக்கத்தையெல்லாம் துறந்து நிற்பதை நானே கண்ணால் பார்த்தேன். நிஜ அம்மா அந்த நேரம் மில் வாசலில் நின்றுகொண்டு, நாலு அண்ணன்களில் எவன் அரிசி மூட்டைமேல் படுத்தது என்று துடைப்பத்தோடு விசாரித்துக்கொண்டிருந்திருப்பார். சிஸ்டருக்கு அதெல்லாம் தெரியாது. அவர் கண் கலங்கிவிட்டது. மேசைமேல் இருந்த பொருள்களையெல்லாம் ஒதுக்கி, நடுவில் என் தொட்டிலை வைத்தார்.

வென்றுவிட்டேன். திரும்பி, முதல் வரிசையைப் பார்த்தேன். இதற்காகத்தானே எல்லாம். ஆனால் கிளார்க் வீட்டுப் பெண் என்னைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

இடைவேளையில், கேன்டீனுக்குப் பின்னால் குழாயடியில் என்னை நிறுத்தினாள்.

"அது என்ர அம்மான்ர சீலை."

நான் தண்ணீர் குடிப்பதுபோல் குனிந்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை.

"நீர்தானே மரத்திலயிருந்து எடுத்தனீர்? பொய் சொல்ல வேண்டாம். மிச்சச் சீலை எங்கட அலுமாரிக்குள்ள கிடக்கு."

"உங்க அம்மாவுக்குத்தான் நீ இருக்கியே! அப்புறம் எதுக்குத் தொட்டில்?"

"தம்பி ஒண்டு பிறந்து ரெண்டு நாளில செத்துப்போச்சு" என்றாள், மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல. "பிறகுதான் அம்மா கட்டினவ."

நான் இப்போது அழுவதா, பிறகு அழுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "சிஸ்டர்ட்ட சொல்லப்போறியா?"

"இல்லை."

"ஏன்?"

அவள் தன் வெள்ளை ஷூவைப் பார்த்துக்கொண்டு யோசித்துப் பேசினாள். "இஞ்ச கட்டி ஒரு வருசமாச்சு. ஒண்டும் நடக்கேல்லை. அங்க மரமும் இருக்கு, கிணறும் இருக்கு. சிஸ்டரை அந்த மரத்தில கட்டச் சொல்லும். மியூசியத்தில வைக்க வேண்டாம். பெட்டிக்குள்ள வைச்சா பிள்ளை எப்பிடி வரும்?"

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். அவளுடைய மணிமணியான எழுத்தில் ஒரு பெயர். "அம்மான்ர பேர். கட்டேக்க இந்தப் பேரைச் சொல்லோணும். மறக்காமல் குடும். நீர் களவெடுத்ததை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

கவனியுங்கள் தோழிகளே. அவள் என்னை மாட்டிவிட்டு, சந்தனப் பெட்டியோடு ஜெயித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நான் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

பள்ளி விட்டதும் சிஸ்டரிடம் போனேன். காகிதம் பினஃபோர்ப் பையில் இருந்தது. "சிஸ்டர், அதை மியூசியத்தில் வைக்காமல் உங்கள் மரத்தில் கட்ட முடியுமா?" என்றேன். அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது: இதுதான் பெயர், இது என் அம்மா இல்லை. ஆனால் அதற்குள் சிஸ்டர் நாற்காலியைவிட்டு எழுந்து, என் மிளகாய் வாசனையைப் பொருட்படுத்தாமல், என்னை இறுக்கி அணைத்துக்கொண்டார். பத்து வருட ஆசிரியை வாழ்க்கையில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததில்லை என்றார். உன் அம்மாவுக்காக நானே மூன்று சுற்றும் சுற்றுகிறேன் என்றார். பிறகு, வெளியே தூறல் போட்டதால், கேட் வரைக்கும் என்னைக் கொண்டுவிட வந்தார். குடையை என் கையில் கொடுத்தார்.

அந்தக் கறுப்புக் குடை. மூங்கில் கைப்பிடியில் அவர் உள்ளங்கைச் சூடு. ஒரு கை குடையில், மற்றொரு கை பையில் இருந்த காகிதத்தின்மேல். கேட் வந்தது. காகிதத்தை நான் எடுக்கவில்லை.

மறுநாள் கிளார்க் வீட்டுப் பெண் "பேர் குடுத்தனீரோ?" என்று கேட்டாள். 'ஓம்' என்று அவள் மொழியிலேயே சொன்னேன். அந்த வாரத் துவையலில் பினஃபோர்ப் பையிலிருந்து அம்மா காகிதக் கூழ் எடுத்தார். "என்னடி இது, பேப்பரைத் திங்கிறியா?" என்று ஓர் அடி விழுந்தது. காரணம் தெரியாமல் விழுந்தாலும் சரியான அடி.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஐந்து வருடம் முன்பு நானும் என் கணவரும் பஸ் சுற்றுலாக் குழுவோடு அயர்லாந்து போனோம். கூட வந்தவர்கள் மதுக்கூடங்களைப் பார்த்த நேரத்தில், நான் டாக்சி பிடித்து சிஸ்டரின் ஊருக்குப் போனேன். கிணறு இருந்தது, சாப்பாட்டு மேசை அகலத்துக்குமேல் இல்லை. முள் மரத்தில் ரிப்பன், காலுறை, ஜெபமாலை, ஒரு குழந்தையின் எச்சில் துணி. நீலத் துணி இருக்க வாய்ப்பில்லை, மக்குவதுதானே அதற்கு வேலை. பிறகு மியூசியம். வெண்ணெய் கடையும் மரப்பீப்பாய், நிலக்கரி இஸ்திரிப் பெட்டி, யாரோ ஒரு பாதிரியாரின் மூக்குக் கண்ணாடி. 'தொலைதூர நாடுகள்' தட்டும் இருந்தது. அதில் ஒரு நெருப்புக்கோழி முட்டை, ஒரு சீன விசிறி, ஒரு சந்தனப் பெட்டி. பெட்டியின் முன்னால் பழுத்த மஞ்சள் நிறத்தில் டைப் அடித்த அட்டை. கீழே கிளார்க் வீட்டுப் பெண்ணின் பெயர்.

என் தொட்டில் மரத்துக்குப் போனதால் தட்டில் இடம் காலி. சிஸ்டர் யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது பரிசுக்காரியை எடுத்துப் போயிருக்கிறார். கண்ணாடிமேல் மூக்கு ஒட்ட நான் நின்றதைப் பார்த்து, அங்கே காவலுக்கு இருந்த அம்மாள் "உங்கள் உறவினரா?" என்று கேட்டார். "ஒருவகையில்" என்றேன். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில், பத்தாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வந்து, அதே பொறாமையைப் புதுசாகப் பட்டேன்.

அந்த வருடத்துக்கே திரும்புகிறேன். சிஸ்டர் கப்பலேறி ஏழு வாரம் கழித்து எனக்கு ஒரு படஅட்டை வந்தது. கிணற்றின் படம். பின்னால் எழுதியிருந்தார்: 'ஞாயிறு காலை கட்டினேன். மழை நின்றிருந்தது. உன் அம்மாவின் பெயர் தெரியாததால் உன் பெயரைச் சொல்லி, இவளுடைய தாய்க்கு ஒரு பிள்ளை கொடு என்று கேட்டேன்.'

அதைப் படித்துக்கொண்டே உள்ளே போனேன். அம்மா கொல்லைக் குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துவீட்டு அக்கா முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு, "இந்த வயசுல என்னக்கா இது? பெரியவனுக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற நேரத்துல!" என்று சிரித்தார்.

"சிரிக்காதடி. அவங்கப்பாவைப் போய்க் கேளு" என்றார் அம்மா.

படஅட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இன்றைக்குக் கணக்குப் போட்டால் தெரிகிறது, சிஸ்டரின் கப்பல் கிளம்பும்போதே அம்மாவுக்கு நாள் தள்ளிப்போயிருக்க வேண்டும். அன்று அந்தக் கணக்கு எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். எதிர்மாடிக்கு வரவேண்டிய பிள்ளையை நான் எங்கள் வீட்டுக்கு வரவழைத்துவிட்டேன்.

ஆறேழு மாதம் அம்மாவின் வயிறு வளர்வதைத் திருட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளார்க் வீட்டுப் பெண் வாரம் ஒருமுறை என்னிடம், "இன்னும் ஒண்டும் இல்லை. தூரம் எண்டபடியால் நாள் செல்லும்போல" என்பாள். நானும் "ஆமாமா, கடல் தாண்டி வரணும்ல" என்பேன்.

தம்பி பிறந்தான். ஒன்பது ராத்தல், தலை நிறைய முடி. பெற்ற பதினாறாம் நாள் எதிர்மாடி ஆன்ட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். கையில் பால்மா டின், தானே பின்னிய கம்பளிக் காலுறை. சிங்கப்பூர் வெயிலில் கம்பளிக் காலுறை! எப்போதோ யாருக்கோ பின்னி வைத்திருந்ததாக இருக்க வேண்டும். பிள்ளையைக் கையில் வாங்கி, முகத்தோடு முகம் வைத்து மோந்தார். அவ்வளவு நேரம் ஒருவர் மோந்து நான் பார்த்ததில்லை.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"ஆன்ட்டி, அது உங்க பாப்பா" என்றேன்.

அம்மா, "என்னடி உளறுற?" என்றார். நான் நிற்கவில்லை. மரம், தொட்டில், சிஸ்டர், கிணறு, எல்லாம் கொட்டினேன். கடைசியாக, கிளார்க் வீட்டுப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், "அவ உங்க பேரை எழுதிக் கொடுத்தா ஆன்ட்டி. நான் சிஸ்டர்ட்ட கொடுக்கல. கொடுத்தேன்னு பொய் சொல்லிட்டேன். அதான் பாப்பா மாறி இங்க வந்துடுச்சு" என்றேன்.

அம்மாவின் கை துடைப்பத்தைத் தேடியது. படுக்கையில் இருந்ததால் எட்டவில்லை.

ஆன்ட்டி முதலில் சிரித்தார். "நான் மலாயாவில சிரம்பானுக்கு அங்கால போனதில்லை. என்ர சீலைத்துண்டு அயர்லாந்து பார்த்திட்டுதே!" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. பிள்ளையின் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தார். "நான், காத்து அடிச்சுக்கொண்டு போட்டுது எண்டு நினைச்சன், பிள்ளை" என்றார் என்னிடம். பிறகு அம்மாவிடம், கடையில் உப்புக் கேட்கும் குரலில், "அக்கா, பின்னேரத்தில நான் வந்து இவரைக் கொஞ்ச நேரம் வைச்சிருக்கட்டே?" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்ச நேரமா? ராத்திரிக்கும் வச்சுக்குங்க லா. எனக்கு ஏற்கெனவே அஞ்சு. அதுல ஒண்ணு திருடி."

கிளார்க் வீட்டுப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பள்ளியில் தவிர்க்க முடியாமல் "உம்மை டீச்சர் கூப்பிடுறா" என்பாள், அவ்வளவுதான். 'நீர்' மட்டும் மாறவில்லை. 'நீ' என்று திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தம்பி எதிர்மாடிக்குப் போவான். தூக்கிக்கொண்டு போவது என் வேலை. அங்கே மரத்தரை, மெழுகு போட்டுத் தேய்த்து வழவழவென்று இருக்கும். அவனுக்கு வேகவைத்த காரட்டும் தாலாட்டும் கிடைக்கும். எங்கள் வீட்டில் மில் சத்தத்தில் தாலாட்டு பாடினால் பாடுகிறவருக்கே கேட்காது. என் இடுப்பில் இருக்கும்வரை அழுவான், படியேறியதும் நிறுத்துவான். மிளகாய் வாசனை இல்லாத வீட்டை அவனும் கண்டுகொண்டான். என் சொந்தத் தம்பிமேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

அவனுக்குப் பத்து மாதம் ஆனபோது ஒரு மாலை. ஆன்ட்டி அவனை அலமாரியில் பிடித்து நிற்கவைத்திருந்தார். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து, பால்மா டின்னில் பொரிகடலை போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தேன். "வாடா, அக்காட்ட வாடா." கிளார்க் வீட்டுப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களுக்கு முதுகு காட்டி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவன் கையை விட்டான். ஓரடி வைத்தான். இன்னோர் அடி. நான் டின்னைக் கீழே போட்டுக் கையை நீட்டினேன். அவன் என் கையைத் தாண்டி, என்னைத் தாண்டி, ஜன்னல் பக்கம் தள்ளாடிப் போய், அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். அவனைப் பார்த்தாள். தன் வாழ்க்கையின் முதல் நடையை அவளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவன் எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் தூக்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி, என் பக்கம் பார்க்க நிறுத்தினாள்.

"அக்காட்டப் போங்கோ, ராசா" என்றாள். முதுகில் ஒரு சின்னத் தட்டல்.

அவன் வந்தான். கடைசி அடியில் தடுமாறி என் மடியில் விழுந்தான். நான் அவனைக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதேன். தம்பி நடந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஆன்ட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மாடிப் பென்சில் பெட்டியும் குடையும் எனக்கு அந்த வருடத்தோடு தீர்ந்துபோன பொறாமைகள். சந்தனப் பெட்டியைக்கூட, டாக்சியில் திரும்பும்போதே மன்னித்துவிட்டேன். அந்தத் தட்டல் மட்டும் போகமாட்டேன் என்கிறது. அவன் முதலில் என்னிடம் நடந்து வந்திருந்தால், நான் அவளிடம் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்.